பந்து பறந்த நேரம்

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், ஒரு காரின் பின்பக்கக் கண்ணாடியை உடைத்தவள் நான்தான் என்று நிரூபித்தார்கள். உடைத்தாள் என்று வெறுமனே பழி போட்டிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன். யார்மேல்தான் யார் பழி போடவில்லை. என் விஷயத்தில் வெள்ளைத் தாளில் படம் வரைந்து, கோணம் குறித்து, சூத்திரம் எழுதி, விடைக்கு அடிக்கோடும் இட்டு நிரூபித்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

அந்த வருடம்தான் நாங்கள் மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்திருந்தோம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் அப்பா பதினான்கு வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தார். ஆனாலும் முதல் ஒரு வருடம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வார்களாம். அந்த உத்தரவு கைக்கு வரும்வரை புது வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அம்மா விடவில்லை. சாமி படங்களெல்லாம் அலமாரியில் சாய்ந்தபடியே பூஜையை ஏற்றுக்கொண்டன.

எங்கள் வீடு பிளாக்கின் கடைசி வரிசை. பின்பக்கத் தோட்டத்து வேலியைத் தாண்டினால் ஒரு தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் பெரிய குவார்ட்டர்ஸ், இன்ஜினியர்கள் இருக்கிற வரிசை. எங்கள் தோட்டத்துக்கு நேர் எதிரே இருந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அப்பாவின் செக்‌ஷன் இல்லை. எங்களைத் தெருவில் பார்த்தால் அவர்தான் முதலில் வணக்கம் சொல்வார். நடக்கும்போது எறும்புக்கு ஒதுங்கிப் போகிறவர் என்று அம்மா சொல்வாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கடுகடுப்பான ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

எனக்குப் பந்து எறிய வரும். வேறு எதுவும் பெரிதாக வராது. ஓட்டத்தில் கடைசி, கணக்கில் நடுவில். ஏழாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து என் காலடியில் வந்து நின்றது. எடுத்து எறிந்தேன். அது விக்கெட் கீப்பரின் தலைக்கு மேலே போய், அதற்கப்பால் நின்றிருந்த பி.டி. டீச்சரின் சைக்கிள் கூடையில் விழுந்தது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். வந்து என் தோளைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த ஸ்போர்ட்ஸ் டேயில் நாற்பது மீட்டர் எறிந்தேன். டேப் பிடித்தவர்கள் நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்கள். அப்போதும் நாற்பதுதான். கடலூரில் மாவட்டப் போட்டிக்கு டீச்சர் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

தூரமாக எறிந்து பார்ப்பதெல்லாம் பள்ளி மைதானத்தில்தான். வீட்டில், அம்மாவின் பழைய சேலையைத் துணிக்கொடியில் இரட்டையாகத் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி நின்று அதன்மேல் எறிவேன். பந்து சேலையில் மோதித் தொப்பென்று கீழே விழும். கை பழகுவதற்காக டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை அது. எங்கள் வேலியைத் தாண்டி என் பந்து ஒருநாளும் போனதில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சேலையின்மேல் எறிந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்வாசல் கேட்டில் நின்று கருவேப்பிலை கேட்பதாக அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். பந்தைச் சேலைக்கடியிலேயே விட்டுவிட்டு, கிணற்றடிச் செடியில் நாலு கொத்து ஒடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனேன். ஆன்ட்டி திருநெல்வேலிக்காரர். கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் அவருடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எந்த ரயில், எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்த பஸ் என்பதுவரை வந்தபோது, வீட்டுக்குப் பின்பக்கம் தூரத்தில் ஏதோ சரசரவென்று உடைந்து கொட்டியது.

“யாரோ என்னத்தையோ போட்டு உடைச்சிட்டாவ,” என்றார் ஆன்ட்டி. சொல்லிவிட்டுப் பஸ் கதையைத் தொடர்ந்தார்.

உடைந்தது இன்ஜினியரின் கார் அல்ல. அவருக்கு மேலே இருந்த பெரிய அதிகாரி ஒருவர் அன்று அவர் வீட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தார். வாங்கி ஒரு வாரம் ஆன கார், முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம்கூட வாடவில்லை. போர்ட்டிகோவில் நின்ற அந்தக் காரின் பின்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஒரு கார்க் பந்து சீட்டில் கிடந்தது.

சிறிது நேரத்தில் ஒரு ஊர்வலமே எங்கள் கேட்டுக்கு வந்தது. முன்னால் இன்ஜினியர், கையில் பந்தோடு. பக்கத்தில் அந்தப் பெரிய அதிகாரி, முழுக்கை வெள்ளைச் சட்டையில். பின்னால் இன்ஜினியரின் மகன். கல்லூரியில் படிப்பவன், லீவுக்கு வந்திருந்தான். அவர்களோடு தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். இந்த வட்டாரத்தில் பந்து எறிகிற பெண் யார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“இது உன்ற பந்துதானே கண்ணு?” என்றார் இன்ஜினியர். குரலில் அவ்வளவு பிரியம்.

இல்லை என்றேன். ஓடிப்போய்ச் சேலைக்கடியிலிருந்து என் பந்தை எடுத்துவந்து காட்டினேன். அதன் தையல் பிரிந்த இடத்தில் டீச்சர் வெள்ளை பிளாஸ்டர் சுற்றியிருந்தார். இன்ஜினியர் இரண்டு பந்தையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னுடையதைத் திருப்பித் தந்தார். ஒரு பந்து வைத்திருக்கிற வீட்டில் இன்னொன்று இருக்காதா என்று பொதுவாகக் கேட்டார். அப்புறம் என்னிடம், எவ்வளவு தூரம் எறிவாய் என்றார்.

என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களில் இது முதல் வரிசையில் வரும். நிமிர்ந்து நின்று, “நாப்பது மீட்டர் சார்” என்றேன். நான் சொன்னதை அவர்கள் நம்ப வேண்டுமே என்று அம்மா உள்ளே போய் ஸ்போர்ட்ஸ் டே சர்டிபிகேட்டை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் அதைக் கவனமாகப் படித்தார். படித்துவிட்டுத் தன் மகனிடம் டேப் எடுத்துவரச் சொன்னார்.

எங்கள் துணிக்கொடிக் கம்பத்திலிருந்து காரின் பின்கண்ணாடிவரை அளந்தார்கள். வேலியில் டேப் மாட்டிக்கொண்டபோது மகன் குனிந்து எடுத்துவிட்டான். முப்பத்து நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இன்ஜினியர் எங்கள் கேட்டுத் தூணின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். இந்தப் பாப்பா அதிகபட்சம் நாற்பது மீட்டர் எறியும். அப்படியென்றால் கையை விட்டுப் புறப்படும்போது பந்தின் வேகம் நொடிக்கு இருபது மீட்டர். முப்பது டிகிரி கோணத்தில் எறிந்தால் எங்கே போய் விழும்? பேனா ஓடியது. முப்பத்து நாலு புள்ளி ஆறு. டேப் காட்டியதும் அதுதான். வேலியையும் தெருவையும் காரையும் சின்னதாக வரைந்து, கொடிக்கம்பத்திலிருந்து காருக்கு வில்போல் ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் அம்புக்குறி போட்டார். அழகான படம்.

“பாருங்க, கரெக்டா பொருந்துதுங்க,” என்று தாளை வெள்ளைச் சட்டைக்காரரிடம் நீட்டினார். அவர் பார்த்துத் தலையசைத்தார்.

அப்போது ஆன்ட்டி பேசினார். அதற்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டவள்தான். “சார், கண்ணாடி ஒடயும்போது இந்தப் புள்ள எங்கிட்டல்லா நின்னுட்டு இருந்துது. கருவேப்பில தந்துட்டு நின்னுது. சத்தத்த ரெண்டு பேரும்தான கேட்டோம்.”

எல்லாரும் இன்ஜினியரைப் பார்த்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

அவர் சிரித்தார். “அதுக்குத்தானுங்க டைம் ஆஃப் ஃப்ளைட்டுனு ஒண்ணு இருக்குது,” என்றார்.

“ஃப்ளைட்டா?” என்று ஆன்ட்டி அண்ணாந்து பார்த்தார்.

“பந்த எறியற நேரம் வேற, அது போய் விழுற நேரம் வேறங்க. நடுவுல பந்து காத்துல இருக்குதில்லீங்களா. பாப்பா எறிஞ்சிட்டு முன்னால வந்துருச்சு. பந்து அதுக்கப்புறம் போய் விழுந்துருக்குது.” சொல்லிக்கொண்டே படத்துக்குக் கீழே இன்னொரு சூத்திரத்தை எழுதினார். மேலே இரண்டு பெருக்கல் ஏதோ பெருக்கல் சைன் ஏதோ, கீழே ஒரு எழுத்து. பக்கத்தில் சமன் குறி போட்டார். பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

ஆன்ட்டி தாளைப் பார்த்தார். கேட்டின் மறு தூணில் சாய்ந்து நின்ற தன் கணவரைப் பார்த்தார். “அப்படின்னா இருக்கும். முன்னாலயே எறிஞ்சிருக்கும்போல,” என்றார். கையிலிருந்த கருவேப்பிலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

நான் எறியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாளில் இருந்தது எதுவும் எனக்குத் தெரியாது. என்ன கேட்பது என்று புரியாமல், வாயில் வந்ததைக் கேட்டேன்.

“எவ்ளோ நேரம் சார்?”

“என்ன கண்ணு?”

“பந்து எவ்ளோ நேரம் சார் காத்துல இருக்கும்?”

“அதுக்கு ட்ரிக்னாமெட்ரி வேணும் கண்ணு. பதினொண்ணாவது போனா படிப்பே,” என்றார். கூட்டம் சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரரும் சிரித்தார். அழுது நிற்கிற பிள்ளையிடம் எல்லாரும் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வண்டி தெருமுனையில் ஸ்டாண்ட் போட்டு நின்றது. கடைக்குப் போய்விட்டு வந்தவர், தோளில் பை தொங்கியது. ஏறக்குறைய ஓடிவந்தார். என்னைக் காப்பாற்ற ஓடிவருகிறார் என்று நினைத்து அவர் பக்கம் நகர்ந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவர்கள்முன் கைகட்டி நின்றார்.

“மன்னிச்சுக்குங்க சார். புள்ள தெரியாம பண்ணிடுச்சிங்க. இனிமே பண்ணாது.”

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எறிந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணாடியை இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம், அதற்காக வரவில்லை என்றார் இன்ஜினியர். வீடுகள் நெருக்கமாக இருக்கிற இடம், யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆவது, அதனால் பாப்பா இனிமேல் பந்து எறிவது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பதுதான் சரியான வார்த்தை. அப்பா என் கையிலிருந்த பந்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது வெள்ளைச் சட்டைக்காரர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தாள் தூணின்மேலேயே கிடந்தது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்து, கடலூருக்கு என்னை அனுப்பப்போவதில்லை என்று பி.டி. டீச்சரிடம் சொன்னார். டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு மணி நேரம் பேசினார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டு, “இல்லீங்க டீச்சர், வேணாங்க டீச்சர்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பதிலாகப் போன பெண் முப்பத்தொன்று எறிந்தாள். முதலில் வந்தவள் எறிந்தது முப்பத்தாறு. இதை டீச்சர் வகுப்பு வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் வேகமாகப் போய்விட்டார்.

அப்பாவோடு நான் பதினோரு நாள் பேசவில்லை. உத்தரவு வரட்டும், அப்புறம் எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. இரண்டு மாதம் கழித்து அது வந்தது. அன்று சாயங்காலமே அம்மா எட்டு ஆணி வாங்கிவரச் சொல்லி அத்தனை சாமிகளையும் சுவரில் ஏற்றிவிட்டாள். பந்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இதில் என்னை இன்றைக்கும் அதிகமாக எரிச்சல்படுத்துவது எது தெரியுமா? நான் அந்தத் தாளை நம்பினேன். எறியவில்லை என்று எனக்கே தெரிந்தும் நம்பினேன். ஒருவேளை அன்று எறிந்ததில் ஒன்று சேலைக்கு மேலாகப் போயிருக்குமோ, நான் கவனிக்காமல் இருந்துவிட்டேனோ, நான் கருவேப்பிலை ஒடித்ததும் வீட்டைச் சுற்றி நடந்ததும் ஆன்ட்டி ரயிலும் பஸ்ஸும் சொன்னதுமான அவ்வளவு நேரமும் அந்தப் பந்து எனக்குத் தெரியாமல் வானத்திலேயே இருந்ததோ என்று வாரக்கணக்கில் யோசித்திருக்கிறேன். அத்தனை பெரியவர்கள் தலையாட்டினார்களே. நாற்பது மீட்டர் எறிந்த கைக்கு, ஒரு பந்து எவ்வளவு நேரத்தில் கீழே வரும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் கைக்குத் தெரிந்ததைத் தாளில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் எடுத்தேன். ஜூலையோ ஆகஸ்டோ, ஒரு மதிய வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் தரையைப்போல் ஒரு கோடு போட்டு, அதன்மேல் வில்போல் ஒரு கோட்டை இழுத்து, முனையில் அம்புக்குறி போட்டார். என் படம் அது. காரும் வேலியும் மட்டும்தான் இல்லை. எறிபொருள் என்று தலைப்பு எழுதினார். கிடைத்தள நெடுக்கம், பெரும உயரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, “பறக்கும் நேரம். இங்கிலீஷ்ல டைம் ஆஃப் ஃப்ளைட்,” என்றார். பந்து எவ்வளவு வேகமாகக் கிளம்பியது, எந்தக் கோணத்தில் கிளம்பியது, பூமி எவ்வளவு இழுக்கிறது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும், எவ்வளவு நேரத்தில் தரைக்கு வரும் என்று சொல்லிவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எட்டாம் வகுப்பு நோட்டுகளின் அட்டைக்குள் செருகி வைத்திருந்த தாளைத் தேடி எடுத்தேன். மடிப்புகள் பழுத்திருந்தன. நெடுக்கத்தை, அதாவது பந்து போய் விழும் தூரத்தை, தசமப் புள்ளிவரை போட்டிருந்தார். வேகத்துக்கு அலகு எழுதியிருந்தார். கடைசியில் பறக்கும் நேரத்துக்கான சூத்திரம், சமன் குறி. சமன் குறிக்கு அப்புறம் வெறும் தாள். எனக்கு அன்று அது முடிந்த கணக்காகத் தெரிந்தது. இப்போது பார்த்தால், அந்த ஒரே ஒரு வரியைத்தான் அவர் போடாமல் விட்டிருக்கிறார்.

நான் போட்டேன். இரண்டு பெருக்கல் இருபது நாற்பது. சைன் முப்பது அரை. ஆக இருபது. பூமியின் ஈர்ப்புக்குப் பத்து என்று வைத்து வகுத்தால் இரண்டு.

இரண்டு நொடி.

தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். இரண்டுதான். சரி, முப்பது டிகிரியில் எறியாமல் நேர் மேலே, தலைக்கு மேலேயே எறிந்திருந்தால்? நான்கு நொடி. அதற்குமேல் என் கையால் ஒரு பந்தை வானத்தில் நிறுத்தி வைக்கவே முடியாது. அம்மாவின் போனை வாங்கி ஸ்டாப்வாட்சைப் போட்டேன். கொடிக்கம்பத்தில் தொடங்கி, கிணற்றடிக்குப் போய் நாலு கொத்து ஒடித்து, வீட்டைச் சுற்றி முன்வாசல் கேட்டுவரை நடந்தேன். ஐம்பத்திரண்டு நொடி. ஓடிப் பார்த்தேன். முப்பத்தொன்று. இதில் ஆன்ட்டியின் தங்கை மகள் கல்யாணத்தைச் சேர்க்கவே இல்லை. செடியை மொட்டையடிக்கிறாயே, என்னடி ஆச்சு உனக்கு என்று அம்மா கத்தினாள்.

அடுத்த நாள் பள்ளி மைதானத்தில், மூன்று வருடத்துக்கு அப்புறம் ஒரு பந்தை வாங்கி எறிந்தேன். சிநேகிதி நேரம் பார்த்தாள். இரண்டு நொடியும் சொச்சமும். பந்து போய் விழுந்த இடத்தைக் காலடியால் அளந்தபோது இருபத்தெட்டு மீட்டர்தான் இருந்தது. எட்டாம் வகுப்பில் நாற்பது எறிந்தவள் நான். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சிநேகிதி நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தாளை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வா கண்ணு” என்றார். தாளை நீட்டினேன். வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அது அவருடைய கையெழுத்து, அவருடைய படம். கடைசி வரி மட்டும் என்னுடையது. அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். உள்ளே சமையலறையில் தாளிக்கிற சத்தம் நின்றது. அவர் மனைவி கதவோரம் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“ஸ்டெப்பெல்லாம் கரெக்ட்டு கண்ணு,” என்றார். “ஜி-க்கு மட்டும் பத்துனு போடக்கூடாது. ஒன்பது புள்ளி எட்டு போடோணும். அப்ப ரெண்டு புள்ளி பூஜ்யம் நாலு வரும்.” என் விடையை அழகாக அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான விடையை எழுதினார்.

“ரெண்டு செகண்டுல நான் எப்படி சார் கருவேப்பிலை பறிச்சிகிட்டு முன்வாசலுக்குப் போயிருப்பேன்?”

அவர் தாளை நாலாக மடித்தார். “நல்லா படிக்கறே. இன்ஜினியரிங் எடு,” என்றார்.

“நான் உடைக்கல சார்.”

“அதெல்லாம் பழைய கதை கண்ணு. அந்தக் காரையே சார் வித்துட்டாரு,” என்று தாளை என் கையில் வைத்தார். கதவோரத்தில் நின்ற அவர் மனைவி உள்ளே போய்விட்டார். தாளிப்பு மறுபடி கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து பூட்ஸில் அப்பியிருந்த களிமண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. தாளை அவர் முன்னால் விரித்து, இரண்டு நொடி, இரண்டே நொடிதான், ஸ்டாப்வாட்சு வைத்துப் பார்த்துவிட்டேன், நான் உடைத்திருக்கவே முடியாது என்று கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே சுரண்டினார்.

“தெரியும் பாப்பா,” என்றார்.

“என்ன தெரியும்?”

“பந்து எவ்ளோ நேரம் மேல நிக்கும். இதுக்குக் கணக்கா வேணும்? இன்ஜினியரு வூட்டுப் பையன்தான் அடிச்சான். கூட்டாளிங்களோட தெருவுல ஆடிகினு இருந்தானுங்க. நான் வண்டியில கடைக்குப் போறப்ப பேட்ட தூக்கிகினு உள்ள ஓடுறான். என் கண்ணால பாத்தேன்.”

வேலியில் மாட்டிய டேப்பைக் குனிந்து எடுத்துவிட்டவனின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை.

“அந்தப் பெரிய சாருகிட்ட இவருக்கு ப்ரமோஷன் காத்துகினு இருந்துது. எனக்கு ஆர்டரு வர்ல. ஆன்ட்டி வூட்டுக்காரரு இவரு செக்‌ஷன். யாரு என்னான்னு சொல்றது.” அவர் பூட்ஸைத் திருப்பி மறுபக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். “நீ வேற, எவ்ளோ நேரம் சார்னு கேட்டுட்டே. எனக்கு உசுரே போச்சி. அவரு பதில் சொல்லிட்டார்னா அப்புறம் வேற ஆளத் தேடணும். பெரிய சாரு எதுருல தன் புள்ளயவா காட்டுவாரு. அவரு தலகுனிஞ்சா என் ஆர்டரு வருமா. அதான் ஓடியாந்தேன்.”

“அதுக்கு நான்தான் கெடச்சனா?”

அவர் குழாயைத் திறந்து பூட்ஸைக் கழுவினார். நான் தாளை அவர் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த முறை பதினோரு நாளல்ல, அதற்கும் மேலே ஆயிற்று நாங்கள் பேசுவதற்கு.

அவர்மேல் இருந்த கோபம் பிறகு தணிந்தது, மற்றவர்கள்மேல் தணியவில்லை. தணிய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. இரண்டு என்று விடை வந்ததிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு அந்தச் சூத்திரம் மட்டும் தெரிந்திருந்தால், தூணின்மேல் கிடந்த தாளில் சமன் குறிக்கு அப்புறம் இரண்டு என்று நானே எழுதியிருப்பேன், எல்லாரும் வாயடைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், நான் கடலூருக்குப் போயிருப்பேன் என்று. கணக்குத் தெரியாததால் தோற்றேன் என்றே நம்பியிருந்தேன். ஆனால் இன்ஜினியருக்கு விடை தெரியும். தலையசைத்த வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்த ஆன்ட்டிக்கும், தூணில் சாய்ந்து நின்ற அவர் கணவருக்கும், சிரித்த தெருக்காரர்களுக்கும், ஓடிவந்த அப்பாவுக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் விடை தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான்.